எட்டி நில்லுங்கள்!

கே: ஆல்ஃபா, பீட்டா, காமா கதிர்கள்: மூன்றில் யார் பெரிய ரவுடி? (கல்லூரி மாணவர், மதுரை)

ப: அவர் வாசலில் நிற்கிறாரா, வீட்டுக்குள் வந்துவிட்டாரா என்பதைப் பொறுத்தது. வெளியே என்றால் காமாதான். உடம்பைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவார். மறிக்க ஈயமோ தடித்த கான்கிரீட் சுவரோ வேண்டும். பீட்டாவுக்குச் சில மில்லிமீட்டர் அலுமினியம் போதும். ஆல்ஃபாவை ஒரு தாள் தடுத்துவிடும், நம் மேல்தோலே தடுத்துவிடும். ஆனால் மூச்சோடோ சாப்பாட்டோடோ உள்ளே போய்விட்டால் ஆல்ஃபாதான் முதல் ரவுடி. ஓட வழியின்றி, மொத்த ஆற்றலையும் பக்கத்திலிருக்கும் செல்கள் மீதே கொட்டும். 2006-இல் லண்டனில் ரஷ்ய முன்னாள் உளவாளி லித்வினென்கோவுக்குத் தேநீரில் போனது ஆல்ஃபா உமிழும் பொலோனியம்-210. மூன்று வாரத்தில் ஆள் காலி.

கே: என் பைக் முழுக்க ரேடியம் ஸ்டிக்கர். ஆபத்தா? (சேலம்)

ப: ஸ்டிக்கரால் இல்லை, ஓட்டுகிற வேகத்தால் இருக்கலாம். அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பிளாஸ்டிக். ரேடியம் துளியும் கிடையாது. அசல் ரேடியத்தோடு பழகியவர்கள் 1920-களில் அமெரிக்கக் கடிகாரத் தொழிற்சாலைகளில் முள்ளுக்கும் எண்ணுக்கும் ஒளிரும் சாயம் தீட்டிய பெண்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேடியத்தை உடம்பு கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்துவைத்தது. பலருக்குத் தாடை எலும்பே உதிர்ந்தது.

கே: காமாக் கதிர் காட்டிய வெங்காயத்தைச் சாப்பிட்டால் நமக்கும் கதிர்வீச்சு ஒட்டுமா? (இல்லத்தரசி, திண்டுக்கல்)

ப: வெயிலில் காய்ந்த மிளகாய் ராத்திரியில் ஒளிவிடுகிறதா? அதேதான். கோபால்ட்-60 தரும் காமா, வெங்காயத்தின் முளைவிடும் திறனை முடக்கிவிட்டுப் போய்விடும், எதுவும் தங்காது. நாசிக் மாவட்டம் லாசல்காவில் இதற்கென்றே நிலையம் உண்டு. 2007-இல் அமெரிக்கா நம் மாம்பழத்தை மறுபடி உள்ளே விட்டதும், பூச்சிகளை ஒடுக்க இப்படிக் கதிர் காட்டியனுப்பச் சம்மதித்த பிறகுதான்.

கே: மாமியாருக்குத் தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் கொடுத்திருக்கிறார்கள். தள்ளியே இருக்கச் சொன்னார் டாக்டர். எத்தனை நாள்? (பெயர் வேண்டாம், கோவை)

ப: குரலில் இருக்கும் உற்சாகம் கேட்கிறது! அயோடின்-131 எட்டு நாளுக்கொரு முறை பாதியாகும். தைராய்டில் சேராததில் பெரும்பகுதி சிறுநீரில் முன்பே வெளியேறிவிடும். டாக்டர் குறித்த நாள்வரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நெருங்கக்கூடாது, அவருடைய தட்டு, துணி தனி. அதை ஒரு வருஷமாக நீட்டிக்க இயற்பியலில் இடமில்லை, அம்மா.

கே: எக்ஸ்ரே அறை ஊழியர் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் கதிரைத் தடுக்குமா? (தஞ்சாவூர்)

ப: தடுக்காது, கணக்கெழுதும். இந்தியாவில் ஊழியருக்கு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (கதிர் அளவின் அலகு) வரை அனுமதி. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. காப்பாற்றுபவை மூன்று: குறைந்த நேரம், அதிக தூரம், நடுவே தடுப்பு. இதில் தூரம் காசில்லாமல் கிடைக்கிறது. சிறிய மூலம் ஒன்றிலிருந்து இரண்டு மடங்கு விலகினால் கதிர் கால்பங்கு, பத்து மடங்கு விலகினால் நூற்றில் ஒன்று.

கே: உங்களுக்குப் பயம் அணு உலையா, அணுகுண்டா? (தூத்துக்குடி)

ப: காயலான் கடை. உலைக்குக் காவல் உண்டு, பழைய இரும்புக்கு யார் இருக்கிறார்கள்? 1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து கழற்றிய எந்திரம் பழைய இரும்புக்குப் போனது. உள்ளே நீலமாக மின்னிய சீசியம்-137 பொடியை அழகு என்று வீடு வீடாகப் பங்கிட்டார்கள். நால்வர் மாண்டார்கள், அதில் ஆறு வயதுச் சிறுமியும் ஒருத்தி. 2010-இல் தில்லி மாயாபுரியில் அதே கதை: பல்கலைக்கழகம் ஏலம் விட்ட கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. உடைத்த கடைக்காரர்களுக்குத் தெரியாது, ஒருவர் இறந்தார். பழைய இரும்பில் மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கைச் சின்னம் பார்த்தால் தொடாதீர்கள், படம் எடுக்கக்கூட நெருங்காதீர்கள். மற்றவரையும் விலக்கிவிட்டு, தூரமாகப் போய் நின்று போலீசுக்குப் போன் செய்யுங்கள்.