கட்டத்தில் தேடும் படலம்

2004இல் லுக்அவுட் என்று ஒரு குட்டி மென்பொருள் இருந்தது. அவுட்லுக்குக்குள் ஒண்டிக்கொண்டு, அவுட்லுக்கைவிட வேகமாக மெயில்களைத் தேடிக் கொடுத்தது. வீட்டுக்காரருக்கே தெரியாத மூலைமுடுக்கெல்லாம் குடித்தனக்காரருக்கு அத்துப்படி! மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டே அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கிவிட்டது.

அதற்குப் பிறகும் தேடுகிறவர்களின் பாடு தீர்ந்ததா என்றால், ஆடிட் சமயத்தில் எந்த அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்காவது போய்ப் பார்க்கலாம். 'கட்டடத்துக்காரர் வாடகை ஒப்பந்தம் அனுப்பினாரே, எங்கே போச்சு?' என்று பெரியவர் திரையை முறைத்துக்கொண்டிருப்பார். கட்டத்தில் 'கட்டடம்' என்று அடித்திருப்பார். வந்த மெயிலிலோ 'கட்டடத்தின் வாடகை' என்று இருக்கும். கிளாசிக் அவுட்லுக் ஒரு சொல்லைத் தலையிலிருந்துதான் ஒப்பிட்டுப் பார்க்கும். 'ரிப்' என்றால் 'ரிப்போர்ட்' வரும். 'போர்ட்' என்றால் வராது. கடைசி 'ம்' போய் 'த்தின்' வந்து உட்கார்ந்தால் அது அறியாத ஆள். வேற்றுமை உருபு ஏறியதும் உருமாறும் சொற்கள் தமிழில் கொஞ்சமா நஞ்சமா? வீடு வீட்டில் ஆகும், ஆறு ஆற்றில் ஆகும். பாதிச் சொல்லோடு நிறுத்தத் தெரிந்தவர் பிழைத்தார்.

ஸ்ரீ இன்னொரு வில்லங்கம். 2005இல் யூனிகோடு தமிழுக்கு 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்ததிலிருந்து, ஸ்ரீயை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கோ வேறு வேறு. யூனிகோடு பரவலாவதற்கு முன் புழங்கிய திஸ்கி குறியாக்கத்தில் வந்த மெயில்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

நிற்கும் இடமும் முக்கியம். அவுட்லுக்கின் வழக்கப்படி இன்பாக்ஸில் நின்று தேடினால் மெயில்பாக்ஸ் முழுக்கத் துழாவும். வேறு ஃபோல்டரில் நின்றால் வாசலைத் தாண்டாது. 'தப்பான இடத்துல நிக்கிறீங்க சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்?

இன்னொரு மெயில் மென்பொருளான தண்டர்பேர்டு தனக்கென ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. மெயிலைப் புரட்டாமல் அந்த அட்டவணையைப் புரட்டித்தான் சட்டென்று பதில் சொல்கிறது. அட்டவணை கெட்டுப்போனால் கண்ணெதிரே இருக்கும் மெயிலையும் இல்லையென்று சாதிக்கும். வைத்தியம் எளிது: மென்பொருளை மூடி, குளோபல்-மெசேஜஸ்-டிபி என்ற கோப்பை அழித்துவிட்டு மறுபடி திறக்க வேண்டும். முதலிலிருந்து படித்து எழுதிக்கொள்ளும். மெயில் மலையாகக் குவிந்திருந்தால் அதற்குள் டீ, வடை இரண்டும் முடிந்துவிடும்.

தேடல் ஒழுங்காகவே வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒப்பந்தமோ பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக இருக்கும். உள்ளே எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான். எந்தச் சொல்லை அடித்தாலும் அகப்படாது. கோப்பின் பெயரைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாமென்றால், கட்டடத்துக்காரர் வைத்த பெயர் 'ஸ்கேன்0001'. போன மாத மின் கட்டண ரசீதுக்கும் அவர் அதே பெயர்தான் வைத்திருந்தார்.