இருத்தலும் இருத்தல் நிமித்தமும்

வீட்டிலிருந்தே வேலை பார்ப்போர் எந்த ஊரில் குடியிருந்தால் கட்டுப்படியாகும் என்பதே இவ்வாய்வின் பொருள். களம் நான்கு ஊர்கள்: பெங்களூர், சென்னை, கோவை, பாளையங்கோட்டை. ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவர், அவர் நானே. கருவிகள் ஒரு லேப்டாப், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கொஞ்சம் பொறுமை. கடைசிக் கருவி பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

முதற்கண் திணை. இவ்வினத்தார் எந்நிலத்தில் வாழினும் திணையால் முல்லையே. என்னை? முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், இவர்களும் இருக்கிறார்கள். முல்லைக்குச் சிறுபொழுது மாலை. நியூயார்க்கில் காலை 9 மணிக்கு மீட்டிங் என்றால் நமக்கு மாலை 6.30. நவம்பரில் அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்க, அது 7.30 ஆகிச் சாப்பாட்டு வேளையும் கெடும். முல்லைக்குப் பெரும்பொழுது கார். நெட் போவதும் மழைக்குத்தான். சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிப் போவதைத் திணைமயக்கம் என்று அமைத்துக்கொள்க. தலைவன் தேர் வரும் வழியைத் தலைவி பார்த்திருந்தாற்போல, இவர்கள் மோடத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பர். வர வேண்டியவர் கேபிள்காரர் என்பது மட்டுமே வேறுபாடு.

இனி அளவுகோல். நாட்டுக்கு நாடு பணத்தின் மதிப்பை ஒப்பிட, லண்டனின் எகனாமிஸ்ட் இதழ் 1986-இல் பிக் மேக் பர்கரைக் கையில் எடுத்தது. எங்கு போனாலும் ஏறக்குறைய ஒரே பண்டம் என்பது காரணம். நமக்கு இட்லி இருக்கிறதே என்பர் ஒருசாரார். பொருந்தாது. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் இட்லியை ஒரு ரூபாய்க்குப் போட்டது. அதே சாலையில் ஏசி ஹாலில் உட்கார்ந்து விலையைப் பார்த்தால் சாம்பார் இறங்காது. ஒரே தெருவில் ஒத்துவராதது ஊருக்கு ஊர் எங்ஙனம் ஒத்துவரும்? ஆகவே யான் கொண்டது 20 லிட்டர் தண்ணீர் கேன். அதன் விலை அன்று. மூன்றாம் மாடிக்கு அதைத் தூக்குபவர் யார் என்பது.

பெங்களூரில் கடைப் பையன் தூக்கினான், தனிக் காசுக்கு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது அங்கே பழைய வழக்கம். ஆபீஸ் போகாதவனுக்கு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் வெறும் வதந்திதான். ஆனால் போகாத ஆபீசுக்குப் பக்கத்தில் இருப்பதற்கும் வாடகையில் பங்கு உண்டு. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோதுகூட அந்தப் பங்கு வற்றவில்லை. எதிர்வீட்டுக்காரர் என்னை மொத்தமே ஒருமுறைதான் விசாரித்தார்: லிஃப்ட் ஓடுகிறதா என்று.

சென்னையில் நானே தூக்கினேன். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்கிறது. வீட்டுக்காரரிடம் பணிவாகச் சொன்னேன். "அதெல்லாம் புது வீட்டுக்கு சார்" என்றார். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் அது. கேன் கிடைத்ததே பெரிது என்று வாயை மூடிக்கொண்டேன். அங்கே விசாரிப்பு பார்சல் வடிவில் வரும். "சார் வீட்லதான இருப்பீங்க?" என்று தொடங்கி, எட்டு குடித்தனத்தின் அட்டைப்பெட்டிகளும் என் கட்டிலடியில் சேர்ந்தன. கிடங்கு வாடகை கேட்க நாக்கு வரவில்லை.

கோவையில் கேனே இழுக்கு. "சிறுவாணி வர்றப்போ கேன் எதுக்குங்க?" என்று வீட்டுக்கார அம்மா வருத்தப்பட்டார். வாடகை இறங்கியது. மரியாதையும் ஏறியது: "தம்பிக்கு இன்னிக்கும் லீவுங்களா?" இதை அவர் தினமும் கேட்டார்.

பாளையங்கோட்டை சொந்த வீடு. வாடகை பூஜ்யம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரமும் இலவசம். கணக்குப்படி இவ்வூரே வெல்ல வேண்டும், வென்றிலது. ஏனெனில் இங்கே நான் வேலை பார்ப்பவன் அல்லன், 'சும்மா இருப்பவன்'. "எப்பா, சும்மாதான இருக்க, இந்த மிக்ஸியக் குடுத்துட்டு வந்துரு." "ஏடே, வேல போயிட்டோ?" பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் என்று பேப்பரில் போட்டிருந்தால், அன்றைக்கு நான் முழுதும் பொதுச்சொத்து.

அப்பொதுச்சொத்தின் பயனாளிகளுள் சித்தப்பா ஒருவர்; தபால் துறையில் ஓய்வு பெற்றவர். நவம்பர் வந்தால் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே தரலாம். ஆப் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். "இந்த வயசுல கண்ணடிக்கச் சொல்லுதானே" என்று சித்தப்பா முறைப்பார். முறைப்பவர் உயிரோடிருப்பதாக ஆப் ஒப்புக்கொள்ளாது. "சித்தப்பா, சும்மா தூங்கப் போற மாதிரி மூடித் தொறங்க" என்றேன். மூடினார்; திறக்கவில்லை. மியூட் போட மறந்திருந்ததால் நியூயார்க்கும் இதைக் கேட்டது.

இத்தரவுகளால் பெறப்பட்ட நூற்பா வருமாறு:

வாடகை இறங்கின் விசாரிப்பு ஏறும்
விசாரிப்பு இறங்கின் அட்வான்ஸ் ஏறும்
இரண்டும் இறங்கும் ஊரில் நெட் இலதே.

முதலடிக்குப் பாளையங்கோட்டையும் இரண்டாம் அடிக்குப் பெங்களூரும் காட்டாயின. மூன்றாம் அடிக்கு நண்பர் ஒருவர்: மலைமேல் மலிவான வீடு பிடித்துப் போனவர், தினமும் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி நின்று மேனேஜருக்குப் பதில் சொன்னார். 'இலதே' என்பதன் ஏகாரம் தேற்றம்.

அஃதேல், விசாரிப்பைப் பணமாக்குவது எவ்வாறெனின், கூறுதும். ஒரு மணி நேரச் சம்பளத்தை மிக்ஸி, சிலிண்டர், சித்தப்பா ஆகியவற்றுக்குப் போன மணிகளால் பெருக்குக. அதில் பெரியம்மா கொண்டுவந்த முறுக்கு, இரவு பன்னிரண்டுக்கு அம்மா சுட்டுத் தந்த தோசை ஆகியவற்றின் மதிப்பைக் கழிக்க. தோசைக்கு ஓட்டல் விலை போடுவதா, வீட்டு விலை போடுவதா என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. ஓட்டல் விலை என்றே கொள்வோம். எஞ்சிய தொகையைப் பெங்களூர் வாடகையோடு ஒப்பிட, பெறப்படுவது யாதோ எனின்,

(இவ்விடத்து ஏடு சிதைந்துள்ளது. சிலிண்டர் வந்தது. பக்கத்து வீட்டுக்கு.)