ஒரு தோல், ஐம்பது பல்: கவுஞ்சிப் பூண்டின் வழி இடிஎஃப் தெரிவு குறித்த ஓர் ஆய்வு

பங்குச்சந்தையில் பங்குபோலவே வாங்கி விற்கப்படும் நிதித் திட்டங்களாகிய இடிஎஃப்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினாவை, கொடைக்கானல் வட்டத்தில் பூம்பாறையைத் தாண்டி மன்னவனூருக்கு அண்மையில் உள்ள கவுஞ்சியின் மலைப்பூண்டை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் எல்லை, தெற்கே தேனி மாவட்டத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தை. வடமேற்கே மும்பைப் பங்குச்சந்தை. இப்பொருளில் முந்தைய ஆய்வு எதுவும் இல்லை. ஆகவே இதுவே முதல் ஆய்வு என்ற பெருமை இதற்கு உரியது. வேறு எவரும் விரும்பாத தலைப்பைத் தேர்ந்து அதில் முதல்வராவது நம் பல்கலைக்கழகங்கள் வளர்த்த மரபு; அந்த மரபை மீறும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை. கவுஞ்சிக்கு அருகே பூண்டி என்றொரு சிற்றூர் இருப்பதும், அங்கும் பூண்டு விளைவதும் தற்செயல் என்று கருதுவோர் கருதட்டும்; தற்செயல் என்ற சொல்லுக்கு ஆய்வுலகில் இடமில்லை.

முதலில் மூலநூல். ‘பூண்டிலக்கணம்’ என்று ஒரு நூல் இருந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அது இருந்ததற்குத் தக்க சான்று, அது எங்கும் கிடைக்காமையே. கிடைக்கும் நூலைப் படித்தாக வேண்டும். கிடைக்காத நூலை மேற்கோள் காட்டினால் போதும். அந்த வசதி கருதி அதன் வரையறையை இங்கே எடுத்தாள்கிறோம்: ஒரு தோலுக்குள் பல பல் இருப்பது பூண்டு, ஒரே பல் மட்டும் இருப்பது ஒத்தைப்பூண்டு. முன்னது இடிஎஃப், பின்னது தனிப்பங்கு. ஒத்தைப்பூண்டு மருந்துக்கு ஆகும் என்று வாங்குவோர் உண்டு. தனிப்பங்கு வாங்கியோருள் சிலருக்குப் பிறகு மருந்து தேவைப்பட்டது உண்டு. நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் ஓர் இடிஎஃப்பில் ஒரு யூனிட் வாங்குவது, ஐம்பது நிறுவனங்களில் ஒவ்வொரு பல்லாகப் பொறுக்காமல் முழுப்பூண்டாக வாங்குவது. இதை நூற்பாவாக யாத்துத் தந்திருக்கலாம். சந்தை காலை 9.15க்குத் திறந்து மாலை 3.30க்கு மூடுவதால் யாப்புக்கு நேரமில்லை.

அடுத்தது சொற்பிறப்பு. இதைத் தொடாமல் விட்ட தமிழ் ஆய்வு எதுவும் இல்லை என்பதால் இங்கே சற்று விரிவாகவே தொடவேண்டியிருக்கிறது. உலகில் இவ்வகைத் திட்டம் முதலில் 1990இல் டொரன்டோ பங்குச்சந்தையில் தோன்றியது என்பர்; 1993 ஜனவரியில் அமெரிக்காவில் எஸ்&பி 500 குறியீட்டின்மேல் ஒன்று வந்தது; இந்தியாவின் முதல் இடிஎஃப் 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் நிறுவனம் தொடங்கிய நிஃப்டி பீஸ். பெஞ்ச்மார்க் எக்ஸ்சேஞ்ச் டிரேடட் ஸ்கீம் என்பதன் சுருக்கமே ‘பீஸ்’ என்று உரைப்பது மேற்போக்கான பார்வை. ஆங்கிலத்தில் ‘பீஸ்’ என்றால் தேனீக்கள். கவுஞ்சியின் பூண்டு மலையிறங்கிச் சேரும் சந்தை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. தேனீ, தேனி: ஈற்றுக் குறுக்கம் ஒன்றுதான் வேறுபாடு, அதற்கு விதி இல்லாவிட்டால் புறனடை எழுதிக்கொள்ளலாம். ஆகவே இடிஎஃப் என்னும் கருத்து பழனி மலையில் பிறந்து, பூண்டு மூட்டையோடு மலையிறங்கி, தேனியில் பெயர்பெற்று, மும்பையில் ஆங்கில வேடம் பூண்டது என்பது பூண்டிலக்கணத்தின் மூன்றாம் இயலால் பெறப்படுகிறது. ‘வேடம் பூண்டது’ என்ற தொடரிலேயே பூண்டு இருப்பதை நோக்குக. மூன்றாம் இயலின் உரைகாரர் இதை ஏற்கிறார். அவ்வுரைக்கு விளக்கம் எழுதியவர், தேன் வேறு பூண்டு வேறு, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்ததே குற்றம் என்று மறுக்கிறார். அம்மறுப்புக்கு அடிக்குறிப்பு எழுதியவர் இருமலுக்கு இரண்டையும் கலந்து சாப்பிட்டவராதலால் மறுப்பை மறுக்கிறார். அடிக்குறிப்பைப் பதிப்பித்தவர் இருவரையும் படிக்கவில்லை என்பது அவர் எழுதிய நீண்ட முன்னுரையால் விளங்கும். நச்சினார்க்கினியர் இப்பகுதிக்கு உரை காணாமற்போனது நம் நற்பேறு. கண்டிருந்தால் பத்தியின் தொடக்கத்தில் உள்ள டொரன்டோவை இறுதியில் உள்ள இருமலோடு மாட்டிப் பொருள் கொண்டிருப்பார். முல்லைப்பாட்டில் அவர் செய்ததைக் கண்டு மறைமலையடிகள் பட்ட பாடு நாம் படவேண்டாம்.

இனி வகைப்பாடு. தங்க இடிஎஃப், 2007இல் வந்தது: செய்கூலி சேதாரம் இல்லாத நகை, போட்டுக்கொள்ளத்தான் முடியாது. வெள்ளி இடிஎஃப், 2022இல் வந்தது: முன்னதன் தம்பி, குணம் முரடு. கடன்பத்திர இடிஎஃப்: உறங்குவோர்க்கு உகந்தது. துறைசார் இடிஎஃப்: சென்ற ஆண்டு அதிகம் ஏறிய துறையை இந்த ஆண்டு வாங்குவோர்க்கு உரியது, இவர்களைப் பற்றிய விரிவான ஆய்வை, மன்னவனூரில் நெடுங்காலமாக இயங்கிவரும் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்துக்கு விட்டுவிடுகிறோம். எஞ்சுவது குறியீட்டு இடிஎஃப். இதற்குப் பழனிப் பஞ்சாமிர்தம் முன்மாதிரி. மலைவாழை, சர்க்கரை, நெய், தேன், ஏலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தது பஞ்சாமிர்தம் எனினும் பேரீச்சையும் கற்கண்டும் அதில் சேர்வது உண்டு. எண்ணிக்கை ஐந்தைத் தாண்டியதென்று பெயரை எவரும் மாற்றவில்லை. 2023 ஜூலையில் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது நிஃப்டி 50க்குள்ளும் சில வாரங்கள் 51 பங்குகள் இருந்தன. அதன் பெயரையும் எவரும் மாற்றவில்லை. பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் ஒரே ஆண்டில், 2019இல், புவிசார் குறியீடு பெற்றன என்பதால் குறியீட்டு முதலீட்டின் தாயகம் இம்மலையே என்பது மேலும் வலியுறும். ‘அந்தக் குறியீடு வேறு, இந்தக் குறியீடு வேறு’ என்பார்க்கு, சொல் ஒன்றாயின் பொருளும் ஒன்றே என்று கொண்டு பட்டம் பெற்றோரின் பட்டியலைத் தனியே தருவோம்.

இவ்வளவு கட்டியபின் உள்ளே வைக்க ஒரு பொருள் வேண்டும், அது இது. நிஃப்டி 50ஐப் பின்பற்றும் இடிஎஃப்கள் ஒரு டஜனுக்கு மேல் உண்டு. எல்லாவற்றிலும் இருப்பவை அதே ஐம்பது பல், அதே விகிதத்தில். வேறுபடுவது தோலில் அச்சிட்ட பெயர் மட்டுமே. அந்த முதல் நிஃப்டி பீஸே இதற்குச் சான்று: பெஞ்ச்மார்க்கிடமிருந்து 2011இல் கோல்ட்மேன் சாக்ஸிடமும், 2016இல் ரிலையன்ஸிடமும் போய், 2019இல் நிப்பான் இந்தியா ஆயிற்று. தோல் மூன்று முறை மாறியது. பற்களைக் குறியீடு மாற்றியதே தவிர, முதலாளிகள் மாற்றவில்லை. அப்படியிருக்க, எந்த நிறுவனத்தின் இடிஎஃப் சிறந்தது என்று அட்டவணை போட்டு, ஐந்தாண்டு வருமானத்தை இரண்டு தசமத்துக்கு ஒப்பிட்டு எழுதப்படும் வழிகாட்டிகள் யாவும், ஒரே தோட்டத்துப் பூண்டை நான்கு சாக்கில் போட்டு எந்தச் சாக்கு சிறந்தது என்று ஆராய்வதற்கு ஒப்பானவை. ஆராயவேண்டியது சாக்கை அல்ல, கொடுக்கும் விலையை.

இடிஎஃப்புக்கு விலை இரண்டு. உள்ளிருக்கும் ஐம்பது பல்லின் அப்போதைய மதிப்பு ஒன்று. இதை ஐ-என்ஏவி என்று சந்தை நேரத்தில் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். திரையில் ஒருவர் விற்கச் சொல்லும் விலை மற்றொன்று. இரண்டும் ஒட்டி நடப்பது இயல்பாக நேர்வதன்று. சிலர் அதை வேலையாகச் செய்கிறார்கள். வடுகபட்டியில் பூண்டு விலை ஏறி, மலையில் ஏறாதிருந்தால் வியாபாரி என்ன செய்வார்? மலையில் வாங்கி லாரியில் ஏற்றுவார். கீழே வரத்து கூடும், விலை இறங்கும். மார்க்கெட் மேக்கர் செய்வதும் அதுவே: திரைவிலை உள்மதிப்பைத் தாண்டினால் பங்குகளைத் திரட்டி நிதி நிறுவனத்திடம் கொடுத்துப் புதிய யூனிட் பெற்றுச் சந்தையில் விற்கிறார். சிறு முதலீட்டாளருக்கு அந்த வாசல் திறக்காது. நேரடியாக நிறுவனத்திடம் யூனிட் பெற 25 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும் என்பது பங்குச்சந்தை ஒழுங்காணையமான செபியின் விதி, அது கவுஞ்சியின் ஒரு போகத்து விளைச்சலில் தேறாது. இனி, மலைச்சாலையில் மண் சரிந்து லாரி நின்றால்? கீழே இருப்பதே சரக்கு, சொன்னதே விலை. வெளிநாட்டுப் பங்கு இடிஎஃப்களில் நடந்தது இந்த மண்சரிவுதான். இந்திய ஃபண்டுகள் வெளிநாட்டில் போடத்தக்க மொத்தத் தொகைக்கு 700 கோடி டாலர் உச்சவரம்பு; 2022 பிப்ரவரியில் அது நெருங்கியதும் புதிய முதலீடு நிறுத்தப்பட்டது. புதிய யூனிட் வரத்து தடைப்பட்டபின் நாஸ்டாக் குறியீட்டு இடிஎஃப்கள் பலமுறை உள்மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்றன. வாங்கியோர் அமெரிக்க நிறுவனங்களின் வளர்ச்சிக்கு விலை கொடுத்ததாக எண்ணினர். ஒரு பகுதியை மண்சரிவுக்குக் கொடுத்தனர்.

செலவு விகிதமே தெரிவின் உயிர் என்று கூறும் பள்ளியினர் இங்கே எழுந்து நிற்பர். அவர்களுக்குக் கணக்கால் விடை தருவோம். ஒரு லட்ச ரூபாய்க்கு 0.05 சதவீதம் வாங்கும் இடிஎஃப் ஆண்டுக்கு 50 ரூபாய் எடுக்கிறது, 0.20 சதவீதம் வாங்குவது 200 ரூபாய். வேறுபாடு 150. இந்த 150 ரூபாயைக் காக்கப் பத்து நாள் ஆராய்ந்த ஒருவர், விற்போர் குறைவான ஓர் இடிஎஃப்பில், கேட்ட விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டு, ஐ-என்ஏவியைவிட ஒரு சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால், ஒரே சொடுக்கில் 1,000 ரூபாய் போகிறது. ஆறு ஆண்டு எட்டு மாதச் சேமிப்பு அது. ‘முப்பது ஆண்டு வைத்திருந்தால் செலவு விகிதம்தானே பெரிது’ எனின், அது மெய், ஒப்புகிறோம். மாதாமாதம் அப்படி வாங்குவோர் ஒவ்வொரு மாதத் தொகையிலும் அந்த ஒரு சதவீதத்தை உடனே இழக்கின்றனர் என்பதையும் அவர்கள் ஒப்பவேண்டும். டிராக்கிங் எரர் பார்க்கவேண்டாமா என்பது அடுத்த தடை. பார்க்கலாம், பங்கு இடிஎஃப்களில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று செபி 2022இல் வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் அது வருமானம் குறியீட்டைச் சுற்றி எவ்வளவு தள்ளாடுகிறது என்பதைத்தான் சொல்லும். குறியீட்டுக்கு எவ்வளவு பின்தங்கியது என்று கேட்டால் டிராக்கிங் டிஃபரன்ஸ் என்ற மற்றோர் எண்ணே விடை தரும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதப்பட்ட வழிகாட்டிகளை நோக்க, தேனீயையும் தேனியையும் ஒன்றாக்கிய இக்கட்டுரைக்குக் கழிவிரக்கம் தேவையில்லை.

இறுதித் தடையே வலியது. டிமேட் கணக்கு, புரோக்கர், ஐ-என்ஏவி, லிமிட் ஆர்டர் என்று இத்தனை எதற்கு? அதே ஐம்பது பல்லை அன்றைய என்ஏவிக்கே தரும் இண்டெக்ஸ் ஃபண்டு இருக்கிறதே. செலவு சற்றுக் கூடினாலும் திரைவிலை என்ற தொல்லை இல்லையே? பூண்டு விற்ற பணம் கைக்கு வரும்போது போட்டுவிட்டு மீண்டும் விதைப்புக்குப் போகிறவர்க்கு அதுவல்லவா ஏற்றது? ஆம். குறியீட்டு ஃபண்டை 1976இல் பொதுமக்களுக்குக் கொண்டுவந்த ஜான் போகிள், நாள் முழுதும் வாங்கி விற்கத் தூண்டுவது என்று இடிஎஃப்பை விரும்பாமலே இருந்தார். மேலும், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 2015 ஆகஸ்ட் முதல் இடிஎஃப்களில் பணம் போட்டு வருகிறது. எந்த இடிஎஃப் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கும் சம்பளக்காரர் பலருக்குத் தெரியாமலே அவர்கள் பெயரால் அது வாங்கப்பட்டாயிற்று. இடிஎஃப் தெரிவு குறித்த ஆய்வு, இடிஎஃப் தேவையில்லாதிருக்கலாம் என்ற முடிபுக்கு வருவது முறையா எனின், ஆய்வுப்பொருளே இல்லை என்று முடிந்த ஆய்வுகளுக்கும் வாய்மொழித்தேர்வு நடந்திருக்கிறது.

தொகுத்துரைப்பின்: அகன்ற குறியீடு ஒன்று, நாள்தோறும் நிறைய கைமாறும் இடிஎஃப் ஒன்று, ஐ-என்ஏவியைப் பார்த்து, இதற்கு மேல் தரேன் என்று விலை சொல்லிப் போட்ட லிமிட் ஆர்டர் ஒன்று; செலவு விகிதம் அதற்குப் பின். சந்தையில் பூண்டு வாங்குகிறவர் பல்லை எண்ணுவதில்லை. கையால் அழுத்திப் பார்க்கிறார், விலை கேட்கிறார், குறைத்துக் கேட்கிறார். விலை கேட்காமல் சிப்பத்தைத் தோளில் ஏற்றுகிறவர் எவருமில்லை. மார்க்கெட் ஆர்டர் என்பது அதைத்தான் செய்கிறது. பூண்டிலக்கணத்தின் கடைசி ஓலை என்றேனும் கவுஞ்சியில் ஒரு வீட்டுப் பரணில் கிடைக்குமாயின் இம்முடிபு மேலும் உறுதிப்படும். அதில் இதற்கு மாறாக ஏதேனும் காணப்பட்டால், அது இடைச்செருகல்.