பெல்பாட்டம் மாப்ள

போடிநாயக்கனூரில் இப்போது தெருவுக்கு ஒரு ரெட்ரோ மாப்ள இருக்கிறான். வயது 23-க்கு மேல் போகாது. பிறந்தது 2000-க்குப் பிறகு, வாழ ஆசைப்படுவதோ 1979-இல். நாய்க்காது காலர் வைத்த சட்டை, அதில் மேல் பொத்தான் மூன்றுக்கும் விடுமுறை. காது எங்கே என்று தேட வைக்கும் முடி, தாடை வரை இறங்கிய கிருதா, முகத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும் கூலிங் கிளாஸ், தெருவைப் பெருக்கிக்கொண்டே வரும் பெல்பாட்டம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இவன் நடந்தால், "தம்பி எந்தக் கச்சேரிக்கு வந்திருக்கு?" என்று டீக்கடைப் பெரியவர்கள் மரியாதையாகவே விசாரிக்கிறார்கள்.

விவரம் தெரியாத பையன் என்று நினைத்துவிட வேண்டாம். 'நினைத்தாலே இனிக்கும்' 1979, பாலச்சந்தர் எடுத்த கமல் படம், சிங்கப்பூரில் எடுத்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். 'சுப்ரமணியபுரம்' 2008-இல் வந்தபோது இவன் ஒன்றாம் வகுப்பு. ஆனாலும் 1980-இல் மதுரையில் அறை எடுத்துத் தங்கியிருந்த தோரணையில் பேசுவான். சசிகுமார் அந்தப் படத்தில் காலரையும் தாடியையும் வைத்து ஒரு காலத்தையே எழுப்பிக் காட்டினார். மாப்ளைக்குக் காலரும் தாடியும் போதும், காலம் தேவைப்படவில்லை. சூர்யா படத்துக்கே 2025-இல் 'ரெட்ரோ' என்று பெயர் வைத்தாகிவிட்டது. இனி இவனை யார் கேட்க முடியும்?

கமல் புராணம் பாடும்போது மட்டும் ஓர் இடத்தை நைசாகத் தாண்டிவிடுவான். பக்கத்து அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1977-இல் எடுத்த '16 வயதினிலே'யில் அதே கமல் சப்பாணியாகக் கோமணத்தோடு வருவார். அதில் பேண்ட் போட்டு வருகிற கால்நடை டாக்டர்தான் நாயகி மயிலை ஏமாற்றுகிறவர். அந்த வருஷம் இந்த வட்டாரத்து வயக்காடுகளில் பெல்பாட்டத்தைவிடக் கோமணத்துக்குத்தான் ஆள் அதிகம் இருந்திருக்கும். பழைய ஃபேஷன் என்றால் அதுவும்தானே பழைய ஃபேஷன்? ஆனால் ரெட்ரோ என்று சொல்லிக் கோமணத்தோடு ஃபோட்டோ போட்ட மாப்ளையை இதுவரை நான் பார்க்கவில்லை. மலைமேல் இருக்கும் போடிமெட்டின் குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாப்ள முதலில் சட்டையை ஆன்லைனில்தான் வாங்கினான். 1,899 ரூபாய். 'விண்டேஜ்' என்று போட்டிருந்தால் விலையில் ஆயிரம் கூடும். பார்சலைப் பிரித்தபோது பெரியப்பாவும் பக்கத்தில் இருந்தார். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். காலரை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இத நான் 78லயே போட்டுட்டேனேடா" என்றார்.

"அதான் பெரியப்பா, பழசு. அதான் கெத்து."

"நாங்க போடும்போது அது புதுசுடா."

மாப்ளைக்கு இது புரியவில்லை. பெரியப்பா பழமையை நாடி பெல்பாட்டம் போடவில்லை. அப்பன் பாட்டன் கட்டிய வேட்டியை உதறிவிட்டு, எதிர்காலத்துக்குள் காலை விடுகிறோம் என்று நினைத்துத்தான் போட்டார். அதற்காகத் தன் அப்பாவிடம் அறையும் வாங்கினார். மாப்ளையை அறைய ஆளில்லை, 'சூப்பர் ப்ரோ' என்று சொல்லத்தான் ஆள் இருக்கிறது. பெல்பாட்டத்தின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. அது கப்பல் மாலுமிகளின் உடை. 1960-களில் அமெரிக்க ஹிப்பிகள் கப்பற்படை கழித்துப்போட்ட கால்சட்டைகளை மலிவு விலைக்கு வாங்கிப் போட்டார்கள், அது உலகமெல்லாம் சுற்றி போடி வரை வந்தது. ஆக, பெரியப்பா புதுசு என்று போட்டதே யாரோ கழித்துப்போட்டதன் வாரிசு. அவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சட்டை கிடைத்துவிட்டது, பேண்ட் வேண்டுமே. மாப்ள பழைய தையல்காரரிடம் போய், "அண்ணே, பாட்டம் 26 இன்ச் வேணும்" என்றான். அவர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, 83ல ஊரே வரிசையில நின்னு 'பாட்டத்தச் சின்னதாக்கு, சின்னதாக்கு'ன்னுச்சு. பிரிச்சுப் பிரிச்சு என் கை ஓஞ்சு போச்சு. இப்பத்தான் வலி விட்டுச்சு. நீ வந்து பெருசாக்கச் சொல்ற." இருந்தாலும் தைத்துக் கொடுத்தார். அளவு நோட்டில் இவன் பெயரை எழுதியபோது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை மாப்ள கவனிக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அசல் சரக்கு வீட்டிலேயே இருக்குமே என்ற யோசனை அப்புறம்தான் வந்தது. பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியைக் குடைந்தான். ஒரு பூச்சி உருண்டையும் கல்யாணப் பத்திரிகை ஒன்றும் கிடைத்தன. "எங்க பெரியம்மா எல்லாம்?" என்று கேட்டான். பெரியம்மா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தா, அந்த இட்லிச் சட்டி உங்க பெரியப்பாவோட நாலு பேண்டு. இந்தத் தூக்குவாளி ரெண்டு சட்டை. என் நைலக்ஸ் சேலை அம்புட்டும் சேந்துதான் அந்த எவர்சில்வர் குடம்."

தமிழ்நாட்டின் விண்டேஜ் உடைகள் எங்கே போயின என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சமையலறைப் பரணில் தொடங்கலாம். பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வந்தவர், ஒரு தலைமுறையின் டெரிகாட்டனை முழுசாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். பட்டுச்சேலையின் நிலைமை இன்னும் மோசம். சரிகைக்கு எடைபோட்டு வாங்கி, வெள்ளிக்காக எரித்தார்கள். அதிலும் தப்பியது, மாவு சலிக்கவும் டிவி துடைக்கவும் போனது. பெரியப்பாவின் அரக்குக் கலர் பெல்பாட்டம் ஒன்று மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது, பையாக. இரண்டு கால்களையும் வெட்டி, அடியை மூட்டி, இடுப்புப் பட்டியைக் கைப்பிடியாக்கித் தைத்த பை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் டாக்கீஸ் வாசலில் விறைப்பாக நின்ற துணி, இப்போது வாரச் சந்தையில் இரண்டு கிலோ கத்தரிக்காய் சுமக்கிறது. கிழிகிற உத்தேசமே இல்லை. மாப்ள அதைக் கண்டதும் பிரித்து மறுபடி பேண்ட் ஆக்க முடியுமா என்று கேட்டான். பெரியம்மா கத்தரிக்காயோடு பையை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியப்பா மனமிரங்கித் தன் எச்எம்டி வாட்சைக் கொடுத்தார். மாப்ள அதைக் கட்டிக்கொண்டு திரிகிறான், வாட்ச் எப்போதும் பத்து பத்து காட்டுகிறது. தினமும் சாவி கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நேரம் பார்க்கத்தான் போன் இருக்கிறதே. எச்எம்டி வாட்ச் கம்பெனியையே 2016-இல் மூடிவிட்டார்கள் என்பதால் குறை சொல்லவும் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்ளையின் வேலைத்தலம் போடிமெட்டு. ஏலக்காய் கிலோ ஐந்தாயிரத்தைத் தாண்டிய 2019-இல் அப்பா வாங்கிய புல்லட் இருக்கிறது. கிளாசிக் 350, அதாவது 2009-இலிருந்து புதுசாகவே செய்து விற்கிற பழைய வண்டி. கேமராக்காரத் தோழனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்குள் வியர்வையில் குளித்துவிடுவான். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் எட்டு சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அடிவார வெயிலில் மாப்ளையின் பாலியெஸ்டர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் அதே வியர்வை மேல் மலைக்காற்று படும். படத்தில் மாப்ள கைகளைக் கட்டிக்கொண்டு ஸ்டைலாக நிற்கிறானே, அது நடுக்கம்.

வளைவில் நின்று தோரணை காட்டும்போது காற்று பேண்டுக்குள் நுழையும். 26 இன்ச் பாட்டம் இரண்டும் தேர்த் துணியாகப் படபடக்கும். கேமராக்காரன், "மாப்ள, காலு ரெண்டையும் சேத்து வையி, ஆளு பறந்துருவ போல" என்பான். கொஞ்சம் பொறுத்து மூடுபனி இறங்கும். நாற்பது படத்தில் முப்பதில் ஒரு காலரும் ஒரு கண்ணாடியும் மட்டும் தெரியும். அந்தப் படங்களுக்குத்தான் லைக் அதிகம் என்று கேள்வி.

அதே வழியில் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறும். போடி, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறவர்கள். ஏலச்செடியில் காய் உச்சியில் காய்க்காது, தூரில் தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். குளிருக்கும் அட்டைக்கும் சேர்த்து, சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டியிருப்பார்கள், தலையில் துண்டு. நானும் போயிருந்த ஒருநாள் ஜீப் ஒன்று பழுதாகி, மாப்ள படம் பிடிக்கும் வளைவிலேயே நின்றது. இறங்கிய ஒரு அக்கா போட்டிருந்த சட்டை அசல் நாய்க்காது காலர், புருஷனுடையதோ மாமனாருடையதோ. காலர் நுனி தேய்ந்து, தோள்பட்டையில் ஏலக்கறை படிந்து, ஆன்லைன் கடைக்காரன் லட்சம் கொடுத்தாலும் வரவழைக்க முடியாத வெளுப்பு.

கேமராக்காரன் சொன்னான்: "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிருங்க, ஃப்ரேம்ல வர்றீங்க."

அக்கா தள்ளிக்கொண்டார். போகிறபோது பக்கத்தில் இருந்தவரிடம், "யாரு பெத்த புள்ளையோ பாவம், தச்சவன் அளவு தெரியாம பேண்டக் கெடுத்துட்டான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. மாப்ளைக்கும் கேட்டிருக்கும்.

இதில் பெண்பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. 'பூவே பூச்சூடவா' 1985-இல் வந்ததும் நதியா கம்மல், நதியா வளையல் என்று கடை கடையாக விற்றது. இப்போது பெரியம்மாவின் நகைப்பெட்டியில் அந்தக் கம்மலுக்கு மூன்று பேத்திகள் போட்டி. கம்மல் பித்தளை என்பதால் பெரியம்மா தாராளமாக இருக்கிறார்.

மாப்ளையைப் பார்த்துச் சிரிக்கிற நாற்பது வயதுக்காரர்களுக்கு ஒரு சேதி. இருபது வருஷம் தாண்டிய உடை விண்டேஜ் என்பதுதான் பழைய உடை விற்கும் தொழிலில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. 'கில்லி' வந்தது 2004-இல். 2024-இல் மறுபடி தியேட்டரில் போட்டபோது கூட்டம் அலைமோதியது. அன்று அந்தப் படத்தைப் பார்த்து டீசர்ட்டுக்கு மேல் சட்டையைப் பொத்தான் போடாமல் விட்டுக்கொண்டு திரிந்தீர்களே, அது விண்டேஜ் ஆகிவிட்டது. கூடவே நீங்களும். மாப்ளையின் தம்பி பிளஸ் டூ படிக்கிறான், அவன் கண் ஏற்கெனவே உங்கள் பீரோ மேல் இருக்கிறது.

ஆகவே அந்தச் சட்டை இன்னும் வீட்டில் இருந்தால், அடுத்த முறை பாத்திரக்காரர் தெருவில் வரும்போது அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். பையன் வந்து கேட்பான், கொடுங்கள். ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். எச்எம்டி வாட்ச் இன்னும் திரும்பி வரவில்லை.