நெய்தல் நிலத்துத் தட்டைத்திரை: ஓர் இலக்கண ஆராய்ச்சி

விலை உயர்ந்த டிவியை எடைபோட உலகத்தார் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெட்டியை இருட்டறையில் வைத்து, கறுப்பு எவ்வளவு கறுப்பு, வெள்ளை எத்தனை நிட் என்று கருவியால் அளப்பார்கள். நேர் எதிரே ஒரே ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முறையில் குற்றமில்லை, ஆனால் அது எந்தத் திணைக்கு உரியது என்று யாரும் சொல்வதில்லை. காற்றுக்கு வழியில்லை, தண்ணீருக்கு வழியில்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. எனவே அது பாலைத் திணை முறை என்பது இவ்வாய்வாளர் துணிபு. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை அதை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது. இங்கே நெய்தலுக்கு உரிய இலக்கணம் வேண்டும். ஆகவே, லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் 55 இன்ச் ஓஎல்இடி பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றையும் இக்கட்டுரை வகுக்கிறது. தொல்காப்பியர் டிவியைப் பற்றி எங்கும் சொல்லவில்லையே எனின், விலக்கவும் இல்லை என்க.

முதலில் முன்னோர் ஆய்வு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலைக்கு ராமநாதபுரம் எட்டாத தூரம். 1982 பிப்ரவரியில், ஜப்பான் கொடுத்த உதவியால், கடலுக்கு அந்தப் பக்கம் ரூபவாஹினி தொடங்கியது. இலங்கையிலேயே உயரமான மலை பீதுருதாலகால, 2,524 மீட்டர். அங்கிருந்து கிளம்பும் அலைக்குக் கடலில் குறுக்கே நிற்க மரமும் இல்லை, மாடியும் இல்லை. இக்கரையில் டிவியை மதிப்பிடும் கலை அப்போது பிறந்தது. அதற்கு மூவர் வேண்டும். ஒருவர் மொட்டைமாடியில் ஆன்டெனாக் குழாயைத் திருப்புவார், ஒருவர் படியில் நின்று செய்தி கடத்துவார், ஒருவர் கூடத்தில் தீர்ப்புச் சொல்வார். “தெரியுதா?” “தெரியுது, விட்றாத… போச்சு, பழையபடி திருப்பு.” படம் தெரிந்தால் நல்ல டிவி. தெரியாவிட்டால் மேலே ஏறியவன் சரியில்லை. பெட்டியின் மேல் பழி விழாத பொற்காலம் அது.

சில இரவுகளில் குழாயைத் தொடாமலே படம் பளிச்சென்று வரும். கடல்மேல் ஈரக்காற்று கீழே, சூடான வறண்ட காற்று மேலே என்று அடுக்கிக்கொண்டால், அலை அந்த இடுக்கில் மாட்டி நெடுந்தூரம் வளைந்து போகும். இயற்பியலார் இதற்குப் பெயரிட்டு அட்டவணை போட்டிருக்கிறார்கள். கூடத்தில் தீர்ப்புச் சொன்னவரோ தன் பூஸ்டர் நல்ல பூஸ்டர் என்று சொல்லித் திரிந்தார். பிறகு ராமேஸ்வரத்திலேயே தூர்தர்ஷனுக்கு 323 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது. இந்தியாவின் மிக உயரமான டிவி கோபுரம் அதுதான். பழைய தரைவழி ஒளிபரப்பை நாடெங்கும் 2022க்குள் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். இப்போது கோபுரத்தின் நிழல் விழும் வீட்டு மாடியிலும் ஒரு டிஷ் இருக்கிறது. அது கோபுரத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கிறது.

இனி முதற்பொருள். நிலமும் பொழுதும் என அது இரண்டு. நிலம் என்றால் இங்கே உப்பு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. அங்கே உலோகத் தகடுகளைச் சட்டத்தில் பூட்டி, வெயிலுக்கும் கடல்காற்றுக்கும் விட்டு, எவ்வளவு தேய்ந்தது என்று எடை போடுவார்கள். காற்றில் வரும் உப்பை அளக்க ஈரத் திரி முறை என்று ஒன்று உண்டு. நனைந்த திரியைக் காற்றில் நிறுத்தி, அதில் படிந்த குளோரைடைக் கணக்கிடுவது. டிவிக் கடைகளில் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு திரி தொங்க வேண்டும் என்பது இவ்வாய்வின் முதல் பரிந்துரை.

உப்பு டிவியை என்ன செய்யும்? அடுக்களைக்குப் போய் உப்புச் சாடியைப் பாருங்கள். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசிந்து நிற்கும். அதே உப்பு கண்ணுக்குத் தெரியாத தூளாக டிவியின் முதுகுத் துளைகள் வழியே உள்ளே போய் போர்டில் படிகிறது. வாடை வீசும் மாதங்களில் அதுவும் கசிகிறது. கசிந்த உப்புநீர் மின்சாரத்துக்கு நல்ல வழி. மயிரிழை போன்ற செம்புத் தடங்களுக்கு நடுவே போகக் கூடாத இடத்தில் கரண்ட் போகும், தடம் பச்சை பூக்கும், ஒருநாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். பழைய பிக்சர் டியூப் டிவிக்கும் இந்த வியாதி உண்டு. மழைநாளில் எல்ஓடி என்னும் உயர்மின்னழுத்த மின்மாற்றி ‘சட சட’ என்று பொரியும். ஆனால் அதைக் கழற்றி வேறு போடலாம். தட்டைத்திரையில் மெக்கானிக் தலையை ஆட்டியபடி “பேனல் போச்சு” என்றால் டிவியே போச்சு என்று பொருள். புதுப் பேனல் விலை புது டிவி விலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இங்கே ஒரு துணைமுடிபு. ஓடும் டிவி சூடாக இருக்கும், சூடான போர்டில் ஈரம் தங்காது. ஆகவே அணைத்தே வைத்திருக்கும் டிவிதான் சீக்கிரம் கெடும். வீட்டில் சீரியல் பார்ப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பாம்பன் புதுப் பாலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1914இல் திறந்த பழைய பாலத்தை உப்பு நூறாண்டுக்கு மேல் கரும்பியது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதற்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பாலத்துக்குப் பாலிசிலாக்சேன், அதைக் கடந்து வந்து இறங்கும் டிவிக்குப் பூப்போட்ட துணி உறை.

பொழுதுக்கு வருவோம். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம். மேற்கு ஜன்னல் உள்ள கூடத்தில் அந்நேரம் ஓஎல்இடி திரையில் தெரிவது யார் என்று பார்த்தால், பார்ப்பவரே. இருட்டில் ஈடில்லாத கறுப்பு, மணலில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் முகக்கண்ணாடியாகிவிடுகிறது. மினி எல்இடி என்று விற்பவை வெளிச்சம் கூடியவை. பகலில் அவையே தேவலை. முழுக் கறுப்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் கரண்ட் போகும்வரை காத்திருக்கலாம். அந்நேரம் எல்லா விலையிலும் எல்லா டிவியும் முழுக் கறுப்பே காட்டும்.

கருப்பொருள் என்பவை ஸ்டெபிலைசர், டிஷ், செட்டாப் பாக்ஸ், பல்லி, பாலித்தீன் உறை கழற்றாத ரிமோட் முதலாயின. பல்லி விழுந்தால் பலன் சொல்லும் சாஸ்திரம், மெயின் போர்டில் விழுந்தால் என்ன பலன் என்று சொல்லவில்லை. மெக்கானிக் சொல்வார்.

செட்டாப் பாக்ஸைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஃபோர் கே திரையில் 3,840 பத்தி, 2,160 வரிசை. ஆகப் புள்ளிகள் 82,94,400. கேபிளில் வரும் சாதாரணச் சேனலின் படமோ 720க்கு 576, அதாவது 4,14,720. வகுத்தால் சரியாக இருபது வருகிறது. மீதி கூட விழவில்லை. திரையில் தெரியும் இருபது புள்ளியில் ஒன்றுதான் ஒளிபரப்பில் வந்தது. பத்தொன்பது டிவிக்குள் இருக்கும் சில்லு தானாக இட்டு நிரப்பியது. லட்ச ரூபாய் கொடுத்து நாம் வாங்குவது பெரும்பாலும் நல்ல ஊகத்தை. மலிவு டிவியும் ஊகிக்கும், ஆனால் அதன் ஊகத்தில் கதாநாயகிக்கு மூக்கு இருக்காது.

அந்தப் புள்ளிகளையாவது கண் காணுமா? 55 இன்ச் ஃபோர் கே திரையில் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய, குறையில்லாத கண்ணுக்கு ஏறத்தாழ மூன்றரை அடி தூரம் வேண்டும். அது நம் வீடுகளில் “கண்ணு கெட்டுப்போகும், தள்ளி உக்காரு” என்று பிள்ளையை விரட்டும் தூரம். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் 3,840 பத்தியில் 1,370 போலத்தான் பிரிந்து தெரியும். மொத்தப் புள்ளியில் எட்டில் ஒரு பங்கு. ஊகித்ததிலும் பெரும்பங்கு கண்ணுக்கே வந்து சேர்வதில்லை.

டிஷ்ஷின் குணம் வேறு. தெளிந்த வானத்தில் அதற்கு நிகரில்லை. கனமழை வந்தால் மழைத்துளிகளே அலையைக் குடித்துவிடும். திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வரும். பாம்பனில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று அறிய டிவியைப் போடுவது, சரியாக அது அறிவிக்க முடியாத நேரத்தில்தான். இதில் உயர்விலை, குறைவிலை என்ற வேற்றுமை இல்லை.

அடுத்தது மேற்பரப்பு இழப்பு. இது இதுவரை எந்த ஆய்வேட்டிலும் பேசப்படாதது. 2006 செப்டம்பர் முதல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 இன்ச் வண்ணப் பெட்டிகூடத் தன் தலையில் ஒரு பிள்ளையாரையும் சங்குப் பொம்மையையும் ரேஷன் கார்டையும் தாங்கியது. கீழக்கரைக் காக்காமார் துபாயிலிருந்து போர்வையில் பொதிந்து கொண்டுவந்த பெரிய பெட்டிகள் இன்னும் தாங்கின. (2013 ஆகஸ்டில் தட்டைத்திரைக்குச் சுங்கவரிச் சலுகை போனதும் அந்தப் போர்வைப் பயணத்துக்குச் சுவாரசியம் குறைந்தது.) ஓஎல்இடியின் மேல்விளிம்பில் ஒரு தீக்குச்சியும் நிற்காது. சட்டமும் இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் எங்கே வைப்பது? திரையிலேயே வைக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் பொட்டு சுமார் 780 புள்ளிகளை மறைக்கிறது. மறைப்பதில் கேடில்லை, துடைப்பதில்தான் கேடு. மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைக்க, தண்ணீர் கீழ்விளிம்பில் இறங்கி, பேனலையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய பட்டையில் போய் நிற்கும். மெக்கானிக்குகள் ஐப்பசியை எதிர்பார்த்திருப்பது தீபாவளிக்காக மட்டும் அன்று.

உரிப்பொருள் இரங்கல். நெய்தல் தலைவி அழுதது கடற்கரையில். இப்போது மாலை ஆறரைக்கு மேல் சீரியலில். இரங்கலைச் சோதிக்க உகந்த இடம் கூடமன்று, அடுக்களை. சீரியலைப் பார்ப்பவரைவிடக் கேட்பவரே அதிகம். மீன் அலசிக்கொண்டே, மின்விசிறி இரைச்சலையும் கடல் இரைச்சலையும் தாண்டி, மாமியார் சொன்னது காதில் விழ வேண்டும். திரை மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு இடமில்லாமல், ஒலியைக் கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ விடுகிறார்கள். சுவர் முழுக்கக் கேட்கிறது. விலையுயர்ந்த டிவி தோற்கும் இடம் இது. சவுண்டுபார் தனியாக வாங்கு என்பது தோல்வியை ஒப்புக்கொள்ளும் விதம்.

இன்னொரு கேடும் உண்டு. இடைப்பட்ட சட்டகங்களைத் தானே வரைந்து அசைவை வழவழப்பாக்கும் வித்தை ஒன்றை இப்பெட்டிகளில் முன்கூட்டியே போட்டுவிட்டு அனுப்புகிறார்கள். நொடிக்கு 24 சட்டகம் என்று எடுத்த, 1964இல் வந்த ‘படகோட்டி’யை அதில் போட்டால், எம்ஜிஆர் நேற்று ஸ்டூடியோவில் சீரியலுக்கு வந்து போனவர்போல் நடப்பார். செட்டிங்ஸில் தேடி அதை அணைத்துவிட்டுத்தான் எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டும்.

அற்றேல், வாங்கவே கூடாதோ எனின், அற்றன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது; கடலுக்குப் போகாத வீடுகளில் டிவிக்கு அதுவே பருவம். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு கடையில் இவ்வாய்வாளர் நின்றபோது, திரையில் பச்சைக்கிளி ஒன்று இறகு இறகாக மின்னிக்கொண்டிருந்தது. எந்தக் கடையிலும் ஓடுவது இந்தக் கிளிதான். வண்ணத்தையும் வெளிச்சத்தையும் உச்சியில் வைத்திருப்பார்கள்.

“அண்ணே, இது பியூர் பிளாக்குண்ணே” என்றான் கடைப் பையன்.

பக்கத்தில் நின்ற விசைப்படகுக்காரர் கிளியைப் பார்க்கவில்லை. டிவியின் பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இந்த ஸ்க்ரூ இரும்பா, எஸ்எஸ்ஸா?”

பையனுக்குத் தெரியவில்லை. உலகத்தரமான எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறாத இந்தக் கேள்வியை, இக்கட்டுரை நெய்தல் இலக்கணத்தின் முதல் நூற்பாவாகக் கொள்கிறது.

இப்பெட்டிகளோடு வரும் உத்தரவாத அட்டைகளை ஊன்றிப் படித்தால், அவற்றை எழுதியவர்களும் திணை இலக்கணம் கற்றவர்களே என்று தெரியும். துரு, ஈரம், பூச்சி புகுதல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, மின்னல், வெள்ளம், இயற்கைச் சீற்றம் இவற்றால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்கிறது பொடி எழுத்து. முதலும் கருவும் ஒன்று விடாமல் விலக்கியாயிற்று. உரிப்பொருளை மட்டும் வாங்கியவருக்கே விட்டுவிட்டார்கள்.