நெட்டைக்காரர் நையாண்டி: கேள்வி-பதில்

கே: பிலிப்பைன்ஸில் கூடைப்பந்து ஆடியவர் ஒருவர் காமெடி நடிகர் ஆனாராமே, யார் அவர்?

ப: அந்த ஊரில் அப்படிப் பலர். நீங்கள் கேட்பது பென்ஜி பாரஸ் என்றே எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடித்த ஆசாமி. 1968-இல் பிறந்தவர். ஆறடி நாலங்குலம். ரசிகர்கள் வைத்த பட்டம் ‘டவர் ஆஃப் பவர்’. கோபுரம் ஒருநாள் கிச்சுகிச்சு மூட்டும் என்று பட்டம் வைத்தவர்களுக்கே தெரியாது.

கே: நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா, இல்லை டிவிக்காரர்கள் ஊதியதா?

ப: 1989-இல் பி.பி.ஏ. லீகுக்குள் நுழைந்தார். அதே வருடம் சிறந்த புதுமுகம் விருது. அதே வருடம் ஒட்டுமொத்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்.வி.பி.யும். ஒரே சீசனில் இரண்டையும் சேர்த்து அள்ளியவர் அந்த லீகின் சரித்திரத்திலேயே அவர்தான். மற்ற புதுமுகங்களுக்கு முதல் வருடம் டிரஸ்ஸிங் ரூம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளவே சரியாக இருக்கும்.

கே: பி.பி.ஏ. என்பது என்ன பெரிய லீகா?

ப: 1975-இல் தொடங்கியது. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அணிகளுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, கம்பெனிப் பெயர்தான். பெட்ரோல், பீர், ரம் என்று மளிகைப் பட்டியல் மாதிரி இருக்கும். பாரஸ் ஷெல் அணியில் தொடங்கி, கடைசியில் சான் மிகெல் பீர் அணியில் முடித்தார். முதலில் பெட்ரோல், பிறகு பீர். வரிசை மாறியிருந்தால் லைசென்ஸைப் பிடுங்கியிருப்பார்கள்.

கே: கல்லூரியில் எப்படி?

ப: பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு 1986-இல் கோப்பை வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தார். கூட ஆடியவர் ரோனி மக்சானோக். குட்டை ஆள், மகா மூளைக்காரர். அதோடு சரி. பல்கலைக்கழகம் அடுத்த கோப்பையைத் தூக்கியது 2022-இல். இடைப்பட்ட 36 வருடத்தில் பாரஸ் ஆடி, ஓய்ந்து, நடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் அதே பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டுக் கிளம்பியாயிற்று.

கே: எதிரணி பாதியில் ஓடிப்போய் அவர் அணி சாம்பியன் ஆன கதை உண்மையா?

ப: உண்மை. 1990, முதல் கான்ஃபரன்ஸ் (சீசனுக்குள் நடக்கும் தனிப் போட்டித் தொடருக்கு அங்கே அப்படிப் பெயர்) இறுதிப்போட்டி, ஆறாவது ஆட்டம். எதிரே அன்யெஹோ ரம் அணி. அதன் பயிற்சியாளரும் ஆட்டக்காரரும் ஒருவரே: ராபர்ட் ஜாவோர்ஸ்கி. நாடே கும்பிட்ட மனிதர். நடுவர்களின் தீர்ப்பு பிடிக்காமல் இரண்டாவது குவார்ட்டரிலேயே அணியைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். ஷெல்லுக்கு முதல் பட்டம் அப்படித்தான் கிடைத்தது. எதிரி விட்டுப்போன பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் வயிறு நிறையத்தானே செய்யும்?

கே: ஜாவோர்ஸ்கி அப்புறம் என்ன ஆனார்?

ப: 1998-இல் செனட்டர் ஆனார். வெளிநடப்பில் முன் அனுபவம் உள்ளவர், அரசியலுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

கே: அங்கே ஆட்டக்காரர்கள் எல்லாரும் அரசியலுக்கு வந்துவிடுவார்களா?

ப: ஃப்ரெடி வெப் என்று ஒருவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடினார். 1992-இல் செனட்டர். டிவி காமெடித் தொடர்களிலும் நடித்தவர். விளையாட்டு, சட்டசபை, சிரிப்பு மூன்றையும் ஒரே ஆள் செய்தால் எது எந்த நேரத்தில் நடக்கிறது என்று மக்கள்தான் ஜாக்கிரதையாகக் கவனிக்க வேண்டும்.

கே: பாரஸ் நடிக்க வந்தது ஓய்வு பெற்ற பிறகா? பிழைப்புக்காகவா?

ப: அங்கேதான் எல்லாரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். ஆட முடியாதவர் நடிக்கப் போனார் என்று நினைக்கிறார்கள். ஜி.எம்.ஏ. டிவியில் ‘கூல் கா லாங்’ தொடர் 1998-இல் வந்தது. ரேமார்ட் சான்டியாகோவோடு பாரஸும் அதில் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். 1999-இல், முதல் எம்.வி.பி. வாங்கிப் பத்து வருடம் கழித்து, இரண்டாவது எம்.வி.பி. அந்த வருடம் ஆல்-ஃபிலிப்பினோ கோப்பையும் ஷெல்லுக்கே. செட்டில் அடி வாங்கிக்கொண்டு, கோர்ட்டில் அடி கொடுத்தார். ஓய்வு பெற்றது 2003-இல்.

கே: அவர் காமெடியில் அப்படி என்ன விசேஷம்?

ப: பெரிய உடம்பைப் பார்த்தால் நாம் பயப்படத் தயாராகிறோம். அந்தப் பயத்தை அவர் வாங்கிக்கொண்டு அசட்டுச் சிரிப்பாகத் திருப்பித் தருவார். வளையத்துக்கு அடியில் முட்டி மோதி ஆளைத் தள்ளிய அதே தோள் இங்கே தொங்கிப்போய் நிற்கும். ரெண்டு எம்.வி.பி. வாங்கிய மனிதர் கேமரா முன்னால் அசடு வழியச் சம்மதிப்பது சின்ன விஷயமில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் சிலையாக நிற்க ஆசைப்படுவார்கள். சிலைமேல் காக்கைதான் உட்காரும்.

கே: ‘லகோத் கா, இசுசும்போங் கிதா’ தொடரிலும் இருந்தாரா?

ப: இருந்தார். 2003-இல் தொடங்கியது. கூட நடித்தவர்கள் ரிச்சர்ட் கோமெஸ், ஜோயி மார்க்கெஸ், ரேமார்ட் சான்டியாகோ. மார்க்கெஸ் அப்போது பரான்யாக்கே நகர மேயர். கோமெஸ் பிற்காலத்தில் ஓர்மோக் மேயர். ஒரே செட்டில் ஒரு நடப்பு மேயர், ஒரு வருங்கால மேயர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஷூட்டிங்குக்கே போய் மனுக் கொடுத்திருக்கலாம்.

கே: அவ்வளவாக உயரமில்லாத மக்களுக்கு ஏன் இந்த உயரக்காரர் ஆட்டத்தின்மேல் பைத்தியம்?

ப: அமெரிக்கர்கள் ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடம் வழியாகவும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவும் வந்தது. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், வளையம் போகவில்லை. இன்றும் ஏறக்குறைய ஒவ்வொரு பரங்காயிலும் (நம்மூர் வார்டு மாதிரி) ஒரு கோர்ட். இடமில்லாவிட்டால் தெருவிலேயே ஒரு பலகை, ஒரு வளையம், காலில் ரப்பர் செருப்பு. 1954-இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த ஆண்கள் உலகப் போட்டியில் மூன்றாம் இடம்; இன்றுவரை எந்த ஆசிய அணியும் அதைத் தாண்டவில்லை. உயரம் போதாது என்று சொன்னவரை அங்கே ஆட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கே: வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுத்தால் உயரத்தை ஈடுகட்டலாமே?

ப: எடுக்கிறார்களே. ‘இம்போர்ட்’ என்றே பெயர், ஏதோ சரக்கு மாதிரி. 1990-இல் ஷெல்லுக்குப் பாபி பார்க்ஸ் என்ற அமெரிக்கர் ஆடினார். சிறந்த இம்போர்ட் விருதை ஏழு முறை வாங்கிய கில்லாடி. ஆனால் பல போட்டிகளில் இம்போர்ட்டுக்கு உயர வரம்பு உண்டு. உலகமெல்லாம் உயரமானவனைத் தேடும் ஆட்டத்தில், இங்கே அளவெடுக்கும் அன்று நெஞ்சை நிமிர்த்தி நின்றவன் மறுநாள் விமானம் ஏற வேண்டியதுதான்.

கே: பாரஸின் பிள்ளைகள் யார் வழி? ஆட்டமா, நடிப்பா?

ப: அப்பா இரண்டையும் செய்தாரே, யாரைக் குறை சொல்வது? ஆண்ட்ரே சினிமாவிலும் டிவியிலும் நடித்தார், கூடைப்பந்தும் ஆடினார். கோபிக்கு டங்க் அடிப்பதுதான், அதாவது எம்பிப் பந்தை வளையத்துக்குள் திணிப்பதுதான், தொழிலாக இருந்தது. 2013-இல் லெப்ரான் ஜேம்ஸ் மணிலாவுக்கு வந்து காட்சி ஆட்டம் ஆடியபோது, அவர் எதிரே நிற்க நிற்க டங்க் அடித்தான் பதினைந்து வயதுக் கோபி. விருந்தாளி என்றுகூடப் பார்க்கவில்லை.

கே: அப்பாவா, மகனா, யார் பெரியவர்?

ப: மகனால் லெப்ரான்மேல் டங்க் அடிக்க முடிந்தது. அப்பாவிடம் எம்.வி.பி. இரண்டு இருக்கிறது. வீட்டில் டிவி ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவரே பெரியவர்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்குக் கூடைப்பந்து ஆடத் தெரியுமா?

ப: நடுவரைத் திட்டத் தெரியும். போதாதா?