ஆனைக்கொம்பன் எந்த அலமாரி?

அம்மாடி, இப்புடி வந்து திண்ணையில ஒக்காரு. ஒன் வேலையைப் பத்தி ஒங்க ஆயி ஊருக்கெல்லாம் என்னா சொல்லி வெச்சிருக்கா தெரியுமா? "எம் பேத்தி ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து புத்தகத்துல சீல் குத்துறா"ன்னு. மேல எட்டு வருஷம் படிச்சது சீல் குத்தவான்னு நானும் மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன். போன செவ்வாக்கெழமை கண்ணாஸ்பத்திரியில சொட்டு மருந்தை விட்டு அனுப்பிட்டானுவ. ஒண்ணும் தெரியல, எல்லாம் பனிமூட்டமா இருந்துச்சு. கண்ணு தெளியறவரைக்கும் ஒன் லைப்ரரியில ஒக்காருவோம்னு வந்தேன். மூணு மணி நேரம். கண்ணு மங்கலா இருந்தா காது கூர்மையாயிடும் பாரு, ஒங்க லைப்ரரியில நடந்தது அத்தனையும் கேட்டுட்டேன்.

கேட்டதுக்கு அப்பறம் ஒன் மேல ஒரு கவலை. பொழைக்கத் தெரியாத புள்ளையா இருக்கியே.

இந்த வேலையில நல்ல பேரு எடுக்கறது சுலபம். காலையில போனதும் எல்லா பீரோவையும் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்க. எவனாவது புத்தகம் கேட்டு வந்தான்னா, "துறைத்தலைவர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா"ன்னு சொல்லு. வாங்கிட்டு வந்துட்டான்னா சாப்பாட்டு நேரம்னு சொல்லு. அதுக்கும் மேல நின்னான்னா, "அந்தப் புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருக்கு"ன்னு அனுப்பிடு. வருஷக் கடைசியில எண்ணிப் பாக்க வர்றவங்க, போன வருஷம் இருந்தது அத்தனையும் அப்புடியே இருக்குன்னு மெச்சி எழுதிட்டுப் போவாங்க. ஒரு புத்தகத்தையும் தொறந்து பாக்க மாட்டாங்க. தொறந்தா, கரையான் மொத அட்டையிலேருந்து கடைசி அட்டை வரைக்கும் படிச்சு முடிச்சு டாக்டர் பட்டத்துக்குக் காத்துக்கிட்டிருக்கறது தெரிஞ்சுபோயிடும்.

நீ என்னடான்னா அலமாரியெல்லாம் தொறந்துபோட்டு, பசங்களே உள்ள போயி எடுத்துக்கட்டும்னு விட்டுட்டே. அப்பறம் நாலு புத்தகத்தைக் காணோம்னு ஆபீஸ்லேருந்து போன் வருது. நீ சண்டைக்கு நின்னியே, அதையும் கேட்டேன். டில்லி சர்க்காரோட பொது நிதி விதி, 2017ல போட்டது, அதுல 215ன்னு ஒரு விதி. வருஷத்துல 1000 புத்தகம் கைமாறினா 5 தொலையறது சகஜம், திருட்டுத்தனமோ அசட்டையோ இல்லாட்டி விட்டுடலாம். 1000 ரூபாய்க்கு மேல வெல உள்ளதும் அபூர்வமான புத்தகமும் போனா மட்டும் கண்டிப்பா விசாரிக்கணும்னு. ஆத்தாடி! கெடை போடறவன்கிட்டகூட நாம இவ்வளவு பெருந்தன்மையா இருந்ததில்ல. ஆனா ஒங்க காலேஜுல அந்தக் கணக்கெல்லாம் எடுபடாதாம், ஒன் சம்பளத்துலதான் கை வெப்பாங்களாம். வெக்கட்டும். புத்தகம் தொலைஞ்சா சம்பளத்துல பிடிக்கறாங்க, புள்ளைங்க படிக்காம தொலைஞ்சா எவன் சம்பளத்துல பிடிக்கறதுன்னு அடுத்த தடவை போன் வந்தா கேளு. கேட்டுட்டு ஒடனே வெச்சிடு, பதிலுக்கு நிக்காதே.

ஒன் மேசைக்குப் பின்னாடி தரையில ஒரு குமியல் கெடந்துச்சே, கழிக்கறதுக்குன்னு. சாக்கு மூட்டைன்னு நெனச்சு அதுமேல ஒக்காரப் போனேன். நீ பதறிப்போயி கையப் புடிச்சு நாக்காலிக்குக் கூட்டிட்டுப் போனே. விண்டோஸ் 98 கத்துக்கறது எப்புடின்னு ஒண்ணு, பாடத்திட்டத்தை விட்டுப் போயி வருஷக்கணக்கான ஒரே புத்தகம் 40 பிரதி, யாரோ ஒரு பெரிய மனுஷன் தன் கவிதையைத் தானே அச்சடிச்சு அன்பளிப்பா எறக்குனது 25 பிரதின்னு அந்த ஒதவிக்கார அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தே. கழிக்கறதுன்னா சும்மா தூக்கிப் போட முடியாதாமே. அக்செஷன் ரிஜிஸ்தர்னு ஒண்ணு, நம்ம வி.ஏ.ஓ. வெச்சிருக்கற அடங்கல் மாதிரி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நம்பரு. வாத்தியாருங்க கூடிப் பாத்து, கையெழுத்துப் போட்டு, அந்த நம்பருக்கு நேரா செவப்பு மையில எழுதுனாத்தான் அது செத்ததா கணக்கு.

இங்கதான் நீ கோட்டை விட்டே. களையெடுத்தா பயிருக்கு நல்லதுன்னு ஒனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது, காலேஜுக்கு மார்க்கு போட வர்ற கமிட்டிக்காரங்களுக்குத் தெரியணும்ல? அவங்க வந்து கேக்கறது "எத்தனை புத்தகம்?" அவ்வளவுதான். விண்டோஸ் 98ஐக் கழிச்சா எண்ணிக்கையில ஒண்ணு கொறையும். நெல்லு மூட்டையில பதரைக் கலந்து எடை காட்டுற வித்தையை நாங்க கொள்முதல் நெலையத்துல பண்ணா ஈரப்பதம் பாத்துத் திருப்பி அனுப்புறான். ஒங்ககிட்ட பதருக்கும் மார்க்கு உண்டு. பொழைக்கற வழி தெரிஞ்சவளா இருந்தா அந்தக் கவிதைப் புத்தகத்தை இன்னும் 25 வாங்கிப் போட்டிருப்பே.

சரி, அந்தப் பையன் கதைக்கு வர்றேன். விலங்கியல் படிக்கறவன், வளவளன்னு பேசறவன். நெல்லுப் பூச்சியைப் பத்திக் கட்டுரை எழுதணும், எந்தப் பூச்சின்னு அவனோட அப்பாவைக் கேட்டிருக்கான். அவரு "ஆனைக்கொம்பனை எழுதுடா, போன தாளடியில அதுதான் நம்மளைத் தின்னுச்சு"ன்னு சொல்லியிருக்காரு. இவன் போயி ஆனையை இங்கிலீஷ்ல போட்டு, கொம்பையும் இங்கிலீஷ்ல போட்டுத் தேடியிருக்கான். வந்துச்சு பாரு, ஆப்பிரிக்கா ஆனை, தந்தம் கடத்துறவன், தந்தத்துல செஞ்ச சீப்பு, 10,000 கட்டுரை. "மேடம், ஆனைக்கும் நெல்லுக்கும் சம்பந்தமே இல்லன்னு காட்டுது"ன்னு அவன் சொன்னப்ப நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிப்பை அடக்குனேன்.

நான் ஒன் எடத்துல இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல புத்தகத்தை எடுத்துக் கையில குடுத்து, போடா ராசான்னு அனுப்பியிருப்பேன். அவனும் கும்புட்டுட்டுப் போயிருப்பான். நீ குடுக்கல. "அது பாக்க எப்புடி இருக்கும்?"னு கேட்டே. அவன் முழிச்சான். வயக்காட்டுக்காரன் மகன், வயலைப் பாத்ததில்ல. எனக்குப் பொறுக்கல, மூலையிலேருந்து கத்திட்டேன்: "கொசு மாதிரி ஈ தம்பி அது. அதோட புழு தூருக்குள்ள பூந்து குருத்தைத் தின்னுடும். அப்பறம் கதிரு வராது. வெங்காயத்தாள் மாதிரி ஒரு கொழாய்தான் வெள்ளி கணக்கா பளபளன்னு நீட்டிக்கிட்டு வரும். ஆனைத் தந்தம் கணக்கா இருக்கும், அதான் அந்தப் பேரு." லைப்ரரியில சத்தம் போடக்கூடாதுன்னு போர்டு மாட்டியிருந்தா என்னை யாரு கேக்கறது, எனக்குத்தான் கண்ணு தெரியலியே.

நீ சிரிச்சே. "தாத்தா சொன்னதுலயே மூணு பேரு இருக்கு, எழுதிக்க"ன்னே. இங்கிலீஷ்காரனும் அதை வெங்காய இலைன்னுதான் சொல்றானாம், வெள்ளிக் குருத்துன்னுதான் சொல்றானாம்: ஆனியன் லீஃப், சில்வர் ஷூட். ஈயோட பேரு கால் மிட்ஜ். பண்டிதன் வெச்ச பேரு ஓர்சியோலியா ஒரைசே. வாய்க்குள்ள சுண்ணாம்பு போட்ட மாதிரி இருக்கு. இது எல்லாத்துக்கும் நடுவுல "ஆர்" போடு, அதுல எது வந்தாலும் சரி. நெல்லுக்கு முன்னாடி "அண்ட்" போடு, அது இல்லாம வரக்கூடாது. இன்னும் ஆனை வந்து நின்னா "நாட்" போட்டு வெரட்டுன்னு சொல்லிக் குடுத்தே பாரு, மாட்டுச்சந்தையில தரகன் துண்டுக்குள்ள வெரல் புடிச்சு வெல பேசற மாதிரியே இருந்துச்சு. சொல்லு தெரிஞ்சவனுக்கு மாடு கெடைக்கும், தெரியாதவனுக்குச் சாணி.

பதில் வந்துச்சு. வந்த பதிலு மூணு அலமாரிக்குப் பிரிஞ்சு கெடந்துச்சு. நெல்லு 633ல, பயிரைக் கெடுக்கற பூச்சியும் நோயும் 632ல, வெறும் பூச்சின்னா 595ல. மெல்வில் டூயின்னு ஒரு அமெரிக்காக்காரரு 1876ல போட்ட பாத்தி. ஆனைக்கொம்பனுக்கு மூணு வீடு, எந்த வீட்டுலயும் முழுசா இல்ல, சின்ன வீடு வெச்சிருக்கற மிராசுதாரு மாதிரி.

இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது நம்ம பக்கத்துக்காரருன்னு நீதான் எனக்கு ஒரு தடவை சொன்னே. சீர்காழி ரங்கநாதன். கணக்கு வாத்தியாரா இருந்தவரை 1924ல மெட்ராஸ் பல்கலைக்கழகத்து லைப்ரரிக்குப் போட்டாங்க. போன கொஞ்ச நாள்லயே, இந்தத் தனிமை ஆவாது, என்னைப் பழையபடி கணக்குக்கே அனுப்பிடுங்கன்னு பழைய பிரின்சிபால்கிட்ட போயி நின்னாராம். ஒன் தொழிலோட பிதாமகரே ஓடப்பாத்தவருதான், இதை மனசுல வெச்சுக்க. லண்டனுக்குப் போயி படிச்சுட்டு வா, அப்பறமும் புடிக்கலன்னா பாத்துக்கலாம்னு அனுப்பினாங்க. அங்க செல்ஃப்ரிட்ஜஸ்னு ஒரு பெரிய கடையில, ஓட்டை போட்ட தகடும் போல்ட்டு நட்டுமா வெச்சு வண்டி, கிரேன்னு விதவிதமா பொம்மை செஞ்சு காட்டிக்கிட்டிருந்தாங்க. அதே தகடு, அதே நட்டு, பொம்மை மட்டும் வேற வேற. அதைப் பாத்துட்டுத்தான், பயிரு ஒரு தகடு, பூச்சி ஒரு தகடு, எடம் ஒண்ணு, காலம் ஒண்ணுன்னு தனித்தனியா வெச்சு வேணுங்கறப்ப முடுக்கிக்கலாமேன்னு அவருக்குத் தோணுச்சாம். அந்த முடுக்கற நட்டுதான் முக்காற்புள்ளி, கோலன். 1933ல புத்தகமாவே போட்டாரு. அதுல போனா நம்ம ஆனைக்கொம்பன் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணலாம். ஆனா ஒன் காலேஜுல அமெரிக்காக்காரரு பாத்திதான். சீர்காழிக்காரருக்கு வருஷம் ஒருக்கா, ஆகஸ்டு 12ஆம் தேதி, படத்துக்கு மாலை. கொறையொண்ணும் இல்ல.

இன்னொண்ணும் சொல்றேன். 1931ல மன்னார்குடியில கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தரு மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஊரூரா அனுப்பினாரு. மாடு சும்மா இருக்கற நேரத்துல சீட்டுக்கட்டு வண்டியேறுனதைத்தான் எங்க காலத்துல பாத்திருக்கேன். புத்தகம் வண்டியேறுன ஊரு நம்ம பக்கத்துலயே இருந்திருக்கு. அந்த மாடு லெட்டர் கேக்கல.

நடுவுல ஒரு கூத்து. அந்தப் பையன் மொதல்ல போன்ல அந்தப் பேசற மிஷினைக் கேட்டிருக்கான். அது மளமளன்னு அஞ்சு ஆராய்ச்சிக் கட்டுரை பேரு குடுத்திருக்கு, எழுதுனவன் பேரு, வருஷம், பக்கம் எல்லாம் கணக்கா. நீ ஒண்ணை எடுத்துத் தேடுனே. பத்திரிகை உண்டு, வருஷம் உண்டு, அந்த வருஷத்து இதழு மொத்தமே முன்னூத்திச் சொச்சம் பக்கம்தான். கட்டுரை மட்டும் 412ஆம் பக்கத்துல இருக்காம். ஊருக்கு வெளியில வீடு கட்டுன கதை. நம்ம பழைய கல்யாணத் தரகன் ஞாபகம் வந்துட்டான் எனக்கு. ஜாதகம் பேசும், போட்டோ பேசும், சம்பளம் பேசும், மாப்பிள்ளைதான் இருக்க மாட்டான். இந்தத் தரகனை நம்பி நியூயார்க்குல ரெண்டு வக்கீல் 2023ல கோர்ட்டுக்கே போயிருக்காங்களாமே. பிளேனுல பண்டம் தள்ளுற வண்டி முழங்கால்ல இடிச்சுதுன்னு ஒரு கேசு, அதுக்கு இல்லாத தீர்ப்பையெல்லாம் எடுத்துக்காட்டி 5000 டாலர் தண்டம் கட்டுனாங்கன்னு நீ சொல்ல, பையன் போனை எடுத்துப் பையில போட்டான். வெளிய போனதும் மறுபடி எடுப்பான். எடுக்கட்டும், பக்கத்தை எண்ணிப் பாக்கத் தெரிஞ்சுபோச்சுல்ல.

அப்பறம் ஏதோ சோத்து கங்கைன்னு காதுல விழுந்துச்சு. சாப்பாடு போடறாங்கன்னு எழுந்துட்டேன். ஷோத்கங்காவாம், குஜராத்துல காந்திநகர்லேருந்து நடத்துறாங்களாம், நம்ம நாட்டு டாக்டர் பட்ட ஆய்வேடு 5 லட்சத்துக்கும் மேல காசில்லாம படிக்கலாமாம். படிக்கறதுக்கா, அடிக்கறதுக்கா? அதுக்கும் 2018லேருந்து விதி இருக்குன்னே. 10 சதம் வரைக்கும் ஒத்துப்போனா கண்டுக்க மாட்டாங்க, 40 வரைக்கும் திருத்தி எழுது, 60 வரைக்கும் ஒரு வருஷம் வெளியில நில்லு, அதுக்கு மேல போனா பதிவே ரத்து. கடலைக் கொல்லையில மடிக்குக் கொஞ்சம்னா புள்ள, மூட்டைன்னா திருடன். நம்ம ஊரு பஞ்சாயத்துத் தீர்ப்புதான், சதவீதம் போட்டு எழுதியிருக்காங்க.

மூணு மணி ஆச்சு, கண்ணும் தெளிஞ்சுது. மொதல்ல தெரிஞ்சது அந்தக் குமியல்தான். மேலாக்க ஒண்ணு கெடந்துச்சு, முதுகு பிஞ்சு, ராமபாணப் பூச்சி அரிச்சு, நெற்பயிர்ப் பூச்சிகள்னு தமிழ்ல. பின்னட்டைக்கு உள்ள தேதிச் சீட்டு ஒட்டியிருந்துச்சு, வெளுத்துப்போயி. சீல் மொத்தம் மூணு. மூணு பேரு எடுத்த புத்தகம்னு நீ கழிச்சிருப்பே, நியாயந்தான். புரட்டுனேன். நடுப்பக்கத்துல கோட்டுப் படமா தூரு, அதுல வெங்காயத்தாள் கணக்கா கொழாய், அடியில புழு, கீழ "ஆனைக்கொம்பன்"னு கொட்டை எழுத்து. அந்தப் பையன் மூணு அலமாரிக்கும் ஓடிக்கிட்டிருந்தப்ப அது ஒன் காலடியில கெடந்துச்சு, அம்மாடி.

ஒன்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன். நீ இன்னும் ரெண்டு புள்ளைங்களுக்கு "நாட்" போடச் சொல்லிக்குடுத்துக்கிட்டிருந்தே, பஸ்ஸுக்கும் நேரமாயிடுச்சு. மஞ்சப்பையில மருந்துச் சீட்டுக்கு அடியில வெச்சுக்கிட்டேன். கேட்டுல ஒரு மிஷினும் கத்தல. அந்தப் பையனை ஞாயித்துக்கெழமை இங்க அனுப்பு. புத்தகத்தையும் குடுக்கறேன், வடக்கு வரப்புல ரெண்டு தூரு வெள்ளி அடிச்சு நிக்குது, அதையும் காட்டறேன். ஆபீஸ்லேருந்து போன் வந்தா, அந்த 1000த்துக்கு 5ல இதை ஒண்ணா எழுதிக்க.